சுவிட்சைத் தட்டியதும் இருள் சூழ்ந்தது ஏன்?

சென்ற தீபாவளிக்கு இரு நாள் முன்னர், எங்கள் தோட்டத்தில் அண்டை வீட்டார் கூடத்திற்குப் புதிய விளக்கொன்றை வாங்கி வந்தனர். குடும்பத் தலைவரே பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைக் கூரையில் பொருத்தினார். சுவரிலுள்ள சுவிட்சைத் தட்டியதும் 'டப்' என்னும் ஓசை எழுந்தது. வீட்டு விளக்குகள் யாவும் அணைந்தன. மின்பெட்டியில் பிரேக்கர் விழுந்திருந்தது. சுவிட்சை அணைத்தபின் அதைத் தூக்கினால் நின்றது. விளக்கைப் போட்டால் மீண்டும் விழுந்தது.

"புது விளக்கு மின்சாரத்தை அதிகம் இழுக்கிறது போலும்" என்றார் அவ்வீட்டுப் பாட்டியார். கணக்குப் போட்டுப் பாருங்கள். விளக்கின் திறன் 23 வாட். நம் நாட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். வகுத்தால் ஏறத்தாழ 0.1 ஆம்பியர்தான் வரும். அந்தப் பிரேக்கரோ 6 ஆம்பியர் தாங்கக்கூடியது. எனவே விளக்கின்மேல் குற்றமில்லை.

குற்றம் கறுப்புக் கம்பியில் இருந்தது. பழைய வீடுகளில் மின்சாரத்தைக் கொண்டுவருவது சிவப்புக் கம்பி. திருப்பிக் கொண்டு செல்வது கறுப்பு. நிலத்தோடு இணைவது பச்சை. இதனை அவரும் அறிவார். ஆயினும், கூரையிலிருந்து சுவர் சுவிட்சுக்கு இறங்கும் இரட்டைக் கம்பியிலும் ஒரு சிவப்பும் ஒரு கறுப்பும் உண்டு. சிவப்பின் வழியே இறங்கும் மின்சாரம், சுவிட்சைப் போட்டதும் கறுப்பின் வழியே ஏறி விளக்கை அடைய வேண்டும். நிறத்தால் கறுப்பு, செய்யும் தொழிலோ சிவப்பினுடையது! அவர் நிறத்தை மட்டும் நம்பிக் கறுப்புக் கம்பிகள் அனைத்தையும் ஒன்றாக முறுக்கிவிட்டார். ஆகவே, சுவிட்சைப் போட்டவுடன் மின்சாரம் விளக்கினுள் புகாமலேயே பெருவெள்ளமாய்த் திரும்பி ஓடியது. இதுவே குறுக்குச் சுற்று. சுவிட்ச் அணைந்திருக்கையில் பிரேக்கர் விழாததன் காரணமும் இதுவே.

சோதனைப் பொத்தான் உள்ள அகன்ற பிரேக்கர் விழுந்திருந்தால் காரணம் வேறாக இருக்கும். அது போகும் மின்சாரத்தையும் திரும்பும் மின்சாரத்தையும் ஓயாது ஒப்பிட்டுப் பார்ப்பது. 0.03 ஆம்பியர் வேறுபாட்டிற்கே விழும் வகையும் உண்டு. திருகாணி நசுக்கிய கம்பி விளக்கின் உலோக உடலைத் தொட்டால் மின்சாரம் கசியும்; அதுவும் விழும்.

இனி, என்னை நடுங்க வைத்த செய்தியைக் கூறுகிறேன். சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால் கூரையில் மின்சாரம் இராது என்றெண்ணி, அவர் வெறுங்கையோடு மீண்டும் ஏணியில் ஏறினார். இவ்வகை இணைப்பில் கூரைக்கு வரும் சிவப்புக் கம்பியில் எப்பொழுதும் மின்சாரம் இருக்கும். பிரேக்கரையும் அவர் தூக்கி வைத்திருந்தார்! உடனே அவரைக் கீழே இறங்கச் சொன்னேன்.

எரிசக்தி ஆணையத்தின் சான்றிதழ் பெற்ற வயர்மேன் மறுநாள் வந்தார். முதற்கண் மெயின் சுவிட்சை அணைத்தார். கம்பிகளில் மின்சாரம் இல்லையெனக் கருவியால் சோதித்த பின்னரே கைவைத்தார். சுவிட்சிலிருந்து வரும் கறுப்புக் கம்பியைப் பிரித்து, அதன் நுனியில் சிவப்பு நாடா சுற்றி, விளக்கின் உரிய முனையில் இணைத்தார். பத்தே நிமிட வேலை. விளக்கு எரிந்தது.

எந்தப் பிரேக்கர் எந்த அறைக்கு உரியது என்று வயர்மேனிடம் கேட்டு, அவ்வீட்டு ஐந்தாம் ஆண்டு மாணவி ஒரு தாளில் எழுதி மின்பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறாள்.