‘ஏன் கத்தவில்லை?’ என்று கேட்காதீர்கள்

கேள்வி: உறவுக்காரப் பெண் ஒருத்தி வன்கொடுமைக்கு ஆளாகி நாலு வருஷம் ஆகிறது. பௌர்ணமிக் கூட்டத்தில் யாராவது உரசினால் இன்னும் நடுங்குகிறாள். எப்போது சரியாகும்?
– வாசகி, திருவண்ணாமலை

பதில்: கிரிவலப் பாதையில் ஒரு தோள் இடித்தால் மற்றவர்கள் விலகி நடப்பார்கள். அந்தப் பெண்ணுக்கோ உள்ளங்கை வியர்க்கும், மூச்சடைக்கும், கால் நகராது. இது நடிப்பல்ல, ஆபத்தை உணரும் மூளை இன்னும் ஓயவில்லை.

‘அப்போதே கத்தியிருக்கலாமே’ என்று வீட்டிலேயே கேட்பதுதான் பெரிய கொடுமை. ஸ்டாக்ஹோமில் 298 பெண்களிடம் நடத்தி 2017இல் வெளியான ஆய்வில், 70 சதவீதம் பேருக்குத் தாக்குதலின்போது உடல் உறைந்துபோயிருந்தது.

‘எப்போது சரியாகும்’ என்கிறீர்கள்; ஒரு நாளின் காயம் எவ்வளவு நீளும் என்று பாருங்கள். பக்கத்து தருமபுரி மாவட்டத்தின் வாச்சாத்தியில், 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடி வந்த அரசு ஊழியர்கள் 18 பெண்களை வன்புணர்ந்தார்கள். 2011இல் தண்டனை பெற்றவர்கள் 215 பேர். உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்ய 2023 ஆனது. அத்தனை காலமும் அந்த ஒரு நாள் வழக்காகவே அந்தப் பெண்களோடு வந்தது.

தேதி குறிக்க முடியாது. ஆனால் முறையான மனநல சிகிச்சையில் பலர் தேறுகிறார்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, மகளிர் உதவி எண் 181. கூட்டமில்லாத நாளில், அவள் போதும் என்று சொல்லும் தூரம்வரை கூட நடங்கள்.