ட்ரோன் வேலைக்குப் போகிறீர்களா? முதலில் வயலா, அளவையா, படையா என்று முடிவு செய்யுங்கள்

எல்லையில் இருக்கும் ஊருக்கு ட்ரோன் தொழிலில் ஒரு வசதி உண்டு. ட்ரோன் விதிகள் மத்திய அரசின் விதிகள். புதுச்சேரியின் காரைக்கால் மாவட்டத்தில் வடக்கு ஓரத்தில் இருக்கும் பூவத்தில் செல்லுபடியாகும் சான்றிதழ், எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டின் தரங்கம்பாடியிலும் அப்படியே செல்லும். காரைக்கால் மாவட்டத்தின் பரப்பு சுமார் 160 சதுர கிலோமீட்டர்தான். இதற்குள்ளேயே பிழைப்பை முடித்துக்கொள்ள நினைத்தால் வேலை சீக்கிரம் தீர்ந்துவிடும். மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், தொழில் நிற்கும்.

"எங்கே பயிற்சி கொடுக்கிறார்கள்?" என்றுதான் பிள்ளைகள் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன் "எந்த வேலைக்குப் பயிற்சி?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ட்ரோனைப் பறக்கவிடச் சில நாட்களில் கற்றுக்கொள்ளலாம். பயிரைப் பற்றியோ, நில அளவையைப் பற்றியோ, மின்னணுவியலைப் பற்றியோ கூடவே என்ன தெரியும் என்பதை வைத்துத்தான் வருமானம் அமையும்.

சான்றிதழ்

ட்ரோன் விதிகள் 2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியாயின. அவை ட்ரோன்களை எடை வாரியாகப் பிரிக்கின்றன: 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால், 150 கிலோ வரை மீடியம், அதற்கு மேல் லார்ஜ். வயலில் மருந்தடிக்கும் ட்ரோன் பெரும்பாலும் ஸ்மால் வகை.

18 முதல் 65 வயது வரை, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி: அடிப்படைத் தகுதி இவ்வளவுதான். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ.) அங்கீகரித்த மையத்தில் பயிற்சி முடித்துத் தேர்வில் தேறினால் ரிமோட் பைலட் சான்றிதழ் கிடைக்கும். பத்தாண்டு செல்லும். பாஸ்போர்ட் இல்லையே என்று தயங்க வேண்டாம். 2023 செப்டம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு அரசு தரும் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் போதும்.

நானோ ட்ரோனுக்குச் சான்றிதழ் வேண்டாம். மைக்ரோவுக்கு, காசு வாங்காமல் சொந்தப் பொழுதுபோக்குக்குப் பறக்கவிட்டால் வேண்டாம். காசு வாங்கினால் வேண்டும். ட்ரோன் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் கட்டாயம். அதற்குக் கட்டணம் 100 ரூபாய். நானோ தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடும் எடுக்க வேண்டும். விதியை மீறினால் அபராதம் ஒரு லட்சம் வரை போகலாம்.

பயிற்சிக் கட்டணம் மையத்துக்கு மையம் பல ஆயிரங்கள் மாறும். பணம் கட்டுமுன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். மையத்தின் பெயர் டி.ஜி.சி.ஏ. பட்டியலில் இருக்கிறதா? சான்றிதழ் எந்த எடை வகைக்கு? உங்கள் கையில் கருவியைத் தந்து எத்தனை மணி நேரம் ஓட்ட விடுவார்கள்? "வேலை உறுதி" என்று எழுத்தில் தராதவரை, வாயால் சொல்வதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். 2025 செப்டம்பரில் புதிய சட்டத்துக்கான வரைவு மசோதாவும் வெளியாகியிருக்கிறது. அதனால் சேரும் அன்று நடப்பில் உள்ள விதியைப் படித்துவிட்டுச் சேருங்கள்.

எங்கே பறக்கலாம்?

வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கிறார்கள். பச்சையில் 400 அடி உயரம் வரை தனி அனுமதி வேண்டாம். மஞ்சளில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசு அனுமதித்தால்தான் பறக்க முடியும். துறைமுகமும் எண்ணெய் வயல்களும் கடற்கரையும் உள்ள மாவட்டம் இது. நேற்று பச்சை, இன்றும் பச்சையாகத்தான் இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு முறையும் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தின் வரைபடத்தைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஓர் இடத்தை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சிக் கூட்டத்தைப் படம் பிடிக்க ஆர்டர் வந்தால், முன்பணம் வாங்குமுன் காவல் நிலையத்தில் கேட்டுவிடுங்கள். கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கும் இதே அறிவுரை. கருவி வாங்குவதிலும் கவனம் வேண்டும். 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோன்களை முழுக் கருவியாக இறக்குமதி செய்யத் தடை உண்டு. மலிவாகக் கிடைக்கிறது என்று பில் இல்லாமல் வாங்கினால் பதிவு செய்ய முடியாது, காப்பீடும் கிடைக்காது.

வயல் வேலை

இந்தப் பக்கத்தில் வேலை நிறையக் கிடைப்பது வயலில்தான். பத்து லிட்டர் டாங்கி கட்டிய ட்ரோன் ஒரு ஏக்கரைப் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடும். தோளில் விசைத்தெளிப்பானைச் சுமந்து, மருந்து வாடையைச் சுவாசித்துக்கொண்டு சேற்றில் நடக்கும் மனிதரின் உடம்பு இதனால் தப்பிக்கிறது. என் மனதில் இந்தத் தொழிலுக்கு இருக்கும் மதிப்பு அதனால்தான்.

ஏக்கர் கணக்கில் மட்டும் பேசினால் இங்கே வியாபாரம் நடக்காது. டெல்டா விவசாயி மா, வேலி என்ற நில அளவுகளில் நினைக்கிறவர்; மூன்று மா சேர்ந்தது ஓர் ஏக்கர். மாவுக்கு இவ்வளவு என்று கூலியைச் சொல்லுங்கள். நாலைந்து பேரின் வயல் அடுத்தடுத்து இருக்கும்படி ஒரே நாளில் பேசி முடியுங்கள். பாட்டரி பத்து, பதினைந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். மாற்று பாட்டரிகளும் ஜெனரேட்டரும் இல்லாமல் வயலுக்குப் போனால் அரை நாள் வீண்.

காற்றில் மருந்து விலகிப் போவது இந்தக் கடலோரத்தில் பெரிய ஆபத்து. பக்கத்து இறால் குட்டையில் பூச்சிமருந்து விழுந்தால் ஒரு குடும்பத்தின் முதலீடே போய்விடும். காலையில் கடற்காற்று எழும்புவதற்கு முன்பே தெளித்து முடியுங்கள். முந்தின நாளே அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிவிடுங்கள். மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் வெளியிட்ட தெளிப்பு நடைமுறைகளைப் பயிற்சிக்கு முன்பே படித்துவிடுங்கள்.

மானியமும் உண்டு. வேளாண் பட்டதாரிகள் நடத்தும் வாடகை மையத்துக்கு விலையில் பாதி, 5 லட்சம் வரை என்று 2022இல் அறிவித்தார்கள். காரைக்காலில் பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண் கல்லூரியில் படித்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2023 நவம்பரில் அமைச்சரவை ஒப்புதல் தந்த நமோ ட்ரோன் தீதி திட்டம் 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கானது. அதில் விலையில் 80 சதவீதம், 8 லட்சம் வரை மானியம். 15 நாள் பயிற்சியும் சேர்ந்தது. பூவத்துக்காரர் கேட்க வேண்டியது புதுச்சேரி அரசின் வேளாண் துறையில். எல்லைக்கு அந்தப்பக்கத்தார் தமிழ்நாட்டுத் துறையில். அந்தந்த ஆண்டு நிதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

நில அளவை

கிராமத்து வீட்டு மனைகளை ட்ரோனால் அளந்து சொத்து அட்டை கொடுக்கும் ஸ்வாமித்வா திட்டம் 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கியது. அட்டை தயாரிப்பை முதலில் முடித்த மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் புதுச்சேரியும் ஒன்று. ட்ரோன் ஏறுவதற்கு முன் மனை எல்லைகளைச் சுண்ணாம்பால் குறிப்பார்கள். இறங்கிய பின் நூற்றுக்கணக்கான படங்களை இணைத்து வரைபடமாக்கி, ஊராரிடம் காட்டிச் சரிபார்ப்பார்கள். பறத்தலை விட இந்த மேசை வேலைதான் நீளமானது. சிவில் டிப்ளமோ முடித்தவர் ஜி.ஐ.எஸ். மென்பொருளும் கற்றுக்கொண்டால், சாலை, கட்டுமான, சுரங்க நிறுவனங்களில் ஆண்டு முழுவதும் வேலை இருக்கும்.

படை

ட்ரோன் இப்போது போர்க்கருவியும்கூட. 2021 ஜூன் 27 அன்று ஜம்மு விமானப்படைத் தளத்தை ட்ரோன்கள் தாக்கின. 2025 மே மாத இந்தியா-பாகிஸ்தான் மோதலில் இரு தரப்பும் ட்ரோன்களை ஏவின. நம் பக்கத்தில் ராமநாதபுரம் உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து தளம் ஆளில்லா விமானங்களை இயக்குகிறது. அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியிலிருந்து 2020 முதல் சீ கார்டியன் ஆளில்லா விமானங்கள் கடலைக் கண்காணிக்கின்றன.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ரிமோட் பைலட் சான்றிதழ் இருந்தால் படையில் ட்ரோன் வேலை கிடைத்துவிடாது. வழக்கமான ஆள்சேர்ப்பில் சேர்ந்து, அங்கே தேர்வாகி, அவர்கள் தரும் பயிற்சியை முடித்தவர்களே அவற்றை இயக்குகிறார்கள். "ராணுவ ட்ரோன் வேலை" என்று விளம்பரம் செய்து பணம் கேட்பவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

பாதுகாப்புத் துறைக்கான இன்னொரு வழி தயாரிப்பு. சீன உதிரிப்பாகங்கள் இருந்ததால் 400 ட்ரோன்களுக்கான ஒப்பந்தங்களை 2025இல் பாதுகாப்பு அமைச்சகம் ரத்து செய்ததாகச் செய்திகள் வந்தன. மோட்டாரும் கட்டுப்பாட்டுச் சுற்றும் பாட்டரியும் உள்நாட்டிலேயே செய்யத் தெரிந்தவர்களுக்குத் தேவை கூடுகிறது. பூவத்துக்கு அருகே திருவேட்டக்குடியில் என்.ஐ.டி. இருக்கிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் வான்வெளி ஆராய்ச்சி மையம் பல ஆண்டுகளாக ட்ரோன்களை உருவாக்கி வருகிறது. பொறியியல் படிப்பவர்கள் நோக்க வேண்டிய திசை இது. ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்குப் பழுதுபார்ப்பு இருக்கிறது. அறுவடைக்காலம் வரை காத்திருக்காமல் காசு வரும் தொழில் அது.

இனி செய்ய வேண்டியது

சம்பளம் பெரிதாக இல்லாவிட்டாலும் ஒரு சம்பா பருவம் முழுக்க, ஏற்கெனவே தொழில் செய்யும் ஒருவரிடம் உதவியாளாகப் போங்கள். மருந்து கலப்பது, பாட்டரி மாற்றுவது, விவசாயியிடம் கூலி பேசுவது என எல்லாவற்றையும் அங்கே பாருங்கள். பிடித்திருந்தால் பயிற்சியில் சேருங்கள். சான்றிதழ் வந்த பின்னும் உடனே கருவி வாங்காமல் வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள். ஒவ்வொரு பறத்தலையும் தேதி, இடம், பரப்பு, கோளாறு என்று நோட்டில் எழுதி வையுங்கள். வங்கியில் கடன் கேட்கும்போதும், நிறுவனத்தில் வேலை கேட்கும்போதும் சான்றிதழோடு அந்த நோட்டையும் மேசையில் வையுங்கள்.