சீட்டைப் பென்சிலால் எழுது

அன்புள்ள தம்பிக்கு,

மர மரபணு ஆய்வகத்தில் வேலை கிடைத்ததில் சந்தோஷம். "ஜனங்களுக்கு விஞ்ஞானம் புரியாததால்தான் பயப்படுகிறார்கள்" என்று அதே கடிதத்தில் எழுதியிருந்தாயே, அதுதான் உறுத்துகிறது.

சவுக்குக் கன்று வாங்க வந்த ஒரு பாட்டி என்னைக் கேட்டார்: "எல்லாம் ஒரே தாய் மரத்துப் பிள்ளைங்கிறியே, ஒண்ணுக்குச் சீக்கு வந்தா எல்லாத்துக்கும் வராதா?" மரபணு என்ற சொல்லே அவருக்குத் தெரியாது. நான் விளைச்சல் கணக்கைச் சொல்லி மழுப்பினேன். 2000களின் தொடக்கத்தில் அப்படியே ஒரே தாயிலிருந்து வளர்த்த தைல மரங்களின் இலைகளில் முடிச்சுமுடிச்சாகப் புடைக்கவைக்கும் குளவி தென்னிந்தியாவில் பரவியபோதுதான் அந்தக் கேள்வியின் கனம் எனக்குப் புரிந்தது.

அமெரிக்கச் செஸ்ட்நட் மரத்தின் கதையை நீ படித்திருப்பாய். 1904இல் நியூயார்க் பிராங்ஸ் விலங்குக் காட்சிச்சாலையில் முதலில் கண்ட பூஞ்சை, அரை நூற்றாண்டுக்குள் 300 முதல் 400 கோடி மரங்களைச் சாய்த்தது. சிராக்யூஸ் நகரிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானிகள் அந்த மரத்தில் கோதுமையின் மரபணு ஒன்றைச் சேர்த்தார்கள். அது பூஞ்சையைக் கொல்லாது. பூஞ்சை சுரக்கும் ஆக்ஸாலிக் அமிலத்தை மட்டும் உடைக்கும். லாப நோக்கமில்லை, காட்டுக்கே திருப்பிக் கொடுக்கும் திட்டம். ஆனாலும் எதிர்த்தவர்களின் வாதம் சாதாரணமானதில்லை: பயிரை அடுத்த போகத்தில் மாற்றலாம், காட்டு மரத்தின் மகரந்தத்தைத் திரும்பக் கூப்பிட முடியுமா?

2023 டிசம்பரில் அமெரிக்கச் செஸ்ட்நட் அறக்கட்டளை இந்தத் திட்டத்துக்குக் கொடுத்த ஆதரவை விலக்கிக்கொண்டது. மரங்கள் எதிர்பார்த்தபடி தேறவில்லை. அதோடு, டார்லிங் 58 என்ற மரபணு மாற்றிய வகை என்று வருடக்கணக்காகச் சோதித்தது உண்மையில் டார்லிங் 54 என்ற வேறு வகை. எங்கோ மகரந்தம் மாறியிருந்தது. நியாயம், அறம் என்று எத்தனை கூட்டம் போட்டிருப்பார்கள்! கடைசியில் இது எந்த மரம் என்ற கேள்வியிலேயே இடறினார்கள். தவறை அறக்கட்டளை தானே வெளியே சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. பல்கலைக்கழகம் அந்த 54ஐ வைத்தே வேலையைத் தொடர்ந்தது. அதில் எனக்கு அவ்வளவு சம்மதமில்லை.

உன் வேலை மரபணுவைச் செருகுவதல்ல, படிப்பது. மரம் வளரும்வரை காத்திராமல் கன்றிலேயே நல்லதைத் தேர்ந்தெடுப்பது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கேட்பவரிடம் எரிந்து விழாதே. எது நல்லது, காகித ஆலைக்கா, நிலத்துக்கா என்று அவர் அடுத்துக் கேட்பார். அதற்கு உன் கணினியில் விடை இராது.

கன்றில் கட்டும் சீட்டைப் பென்சிலால் எழுது. பேனா மை முதல் மழைக்கே போய்விடும்.

அன்புடன்,
அண்ணன்