புழங்காத நாணயங்கள்

நுழையும்முன்

கைமாறுவதற்கென்றே தோன்றியது நாணயம். ஆயினும், எவர் கையிலும் புழங்காமல் பேழைக்குள் வைத்துக் காப்பதற்காகவே அச்சிடப்படும் நாணயங்களும் உள்ளன. அவற்றின் பின்னுள்ள பொருளியலை இப்பாடம் விளக்குகிறது.

நினைவு நாணயம்

ஒரு நாடு தன் வரலாற்று நிகழ்வையோ சான்றோரையோ போற்றும்பொருட்டு வெளியிடும் நாணயம் நினைவு நாணயம் எனப்படும். உலகெங்கும் நாணயச் சேகரிப்பாளர் பெருகவே, அயல்நாட்டுச் சேகரிப்பாளரை நோக்கியே நாணயம் வெளியிடும் வழக்கமும் வளர்ந்தது. தென் பசிபிக் பெருங்கடலிலுள்ள நியுவே தீவு இதற்குச் சிறந்த சான்றாகும்.

சிறு தீவும் பெரும் சந்தையும்

நியுவேயின் பரப்பு ஏறத்தாழ 260 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை 2,000க்கும் குறைவு. 1974இல் தன்னாட்சி பெற்ற இத்தீவின் அன்றாட வணிகம் நியூசிலாந்து டாலரிலேயே நடைபெறுகிறது. எனினும், 2011இல் நியுவேயின் பெயரால் 2 டாலர் வெள்ளி நாணயங்கள் வெளிவந்தன. அவற்றின் ஒரு பக்கத்தில் அரசி இரண்டாம் எலிசபெத்தின் உருவம். மறுபக்கத்தில் ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படக் கதைமாந்தர். தீவின் வரலாற்றுக்கும் அக்கதைமாந்தருக்கும் எத்தொடர்பும் இல்லை.

பின் ஏன் இம்முயற்சி? வடிவமைத்தல், அச்சிடல், விற்றல் ஆகியவற்றை வெளிநாட்டு நாணயச்சாலைகள் மேற்கொள்கின்றன. தீவு தன் பெயரையும் வெளியிடும் உரிமையையும் வழங்கி, உரிமத்தொகை பெறுகிறது. விளைநிலமும் ஏற்றுமதியும் குறைந்த தீவுக்கு அவ்வுரிமையே ஒரு வளமாகிறது. துவாலுவின் பெயர் தாங்கிய நாணயங்கள் பலவும் இவ்வாறே ஆஸ்திரேலியாவின் பெர்த் நாணயச்சாலையில் உருவாகின்றன.

மூவகை மதிப்பு

இத்தகைய நாணயத்திற்கு மூன்று மதிப்புகள் உண்டு. அதில் பொறிக்கப்பட்டிருப்பது முகமதிப்பு. அதிலுள்ள வெள்ளியின் விலை உலோக மதிப்பு. சேகரிப்பாளர் தர முன்வரும் தொகை சந்தை மதிப்பு. 31.1 கிராம் தூய வெள்ளியின் விலை 2 டாலரினும் பன்மடங்கு மிகுதி. ஆதலால், சட்டப்படி செல்லுபடியாகும் பணமாயினும் அதனைக் கடையில் கொடுப்பார் எவருமிலர். சந்தை மதிப்போ விருப்பத்தைச் சார்ந்தது. விருப்பம் குன்றினால் அதுவும் குன்றும். அந்நிலையில் எஞ்சுவது உலோக மதிப்பே.

தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல் காசையும் நேர்மையையும் ஒருங்கே குறிக்கும். தன் பெயரை விற்று வாழும் தீவின் தேவை உண்மையானது. வாங்குவோர் மூவகை மதிப்பையும் அறிந்து வாங்கும்போதே அவ்வணிகமும் நாணயமுடையதாகும்.

கற்பவை கற்றபின்

1. முகமதிப்பு, உலோக மதிப்பு, சந்தை மதிப்பு ஆகியவற்றை வேறுபடுத்தி எழுதுக.
2. ‘ஒரு நாட்டின் பெயரும் வளமே’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.