மூன்று புரிக்கும் ஒரே இழுப்பு

கயிறு அறுந்தால் நாரைக் குறை கூறுவது நெடுநாளைய வழக்கம். மட்டை நன்றாக ஊறவில்லை என்பார் ஒருவர். திரித்த கை சரியில்லை என்பார் மற்றொருவர். இவை உண்மையாக இருத்தலும் கூடும். ஆயினும், நல்ல நாரை நல்ல கை திரித்த பின்னரும் கயிறு கெட்டுப்போவதற்குக் காரணம் ஒன்று உண்டு. அது கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. முறுக்கு இயந்திரத்துக்குள் செல்லும் புரிகள் மூன்றும் ஒரே விறைப்புடன் செல்லாமையே அக்காரணம். இம்மாதப் பாடத்தில் அதனை ஆராய்வோம். கயிறு செய்வோருக்கு மட்டுமன்றி, நூலை இரட்டித்து முறுக்குவோருக்கும், பாவு ஓட்டும் நெசவாளருக்கும், கயிற்றை விலை கொடுத்து வாங்கும் விவசாயிக்கும் இது பயன்படும்.

ஒரு சங்கத்தில் கண்டது

தென்னந்தோப்புகள் சூழ்ந்த ஓர் ஊரில் கயிறு உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை ஆய்வு செய்யச் சென்றிருந்தோம். உறுப்பினரில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் ராட்டில் புரி திரித்துச் சங்கத்தில் ஒப்படைப்பார்கள். சங்கத்துக் கொட்டகையிலுள்ள இயந்திரம் மூன்று பாபின்களிலிருந்து மூன்று புரிகளை இழுத்து, அவற்றைச் சேர்த்து முறுக்கிக் கயிறாக்கும். முறுக்கும்போது புரி அறுந்தால், அந்தப் பாபினில் ஏறிய புரியைத் திரித்தவரின் பெயர் பதிவேட்டில் எழுதப்படும். அவருடைய கூலியில் ஒரு சிறு தொகை பிடித்துக்கொள்ளப்படும். நிர்வாகக் குழு இயற்றிய விதி இது. முந்தைய ஆய்வின்போது அவ்விதியைப் படித்துப் பார்த்து, ஒழுங்கானது என்று குறிப்பெழுதிக் கையொப்பமிட்டவர் நாமே.

இம்முறை மூத்த உறுப்பினர் ஒருவர் நம்மிடம் வந்தார். "ஐயா, என் புரி முதல் பாபினில் ஏறுகிற நாளில் அறுவதில்லை. மூன்றாவதில் ஏறினால்தான் அறுகிறது. கை ஒன்றுதானே?" என்று கேட்டார்.

பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தோம். அறுந்த புரிகளின் கணக்கில் ஏறக்குறைய எல்லா வரிகளிலும் பாபின் எண் மூன்று என்றே இருந்தது. பெயர்களோ வெவ்வேறு. அவ்வெண்கள் முந்தைய ஆய்விலும் அங்கேயே இருந்தன. பெயரையும் தொகையையும் கூட்டிச் சரிபார்த்த நாம் எண்ணைப் பார்க்கத் தவறினோம்.

சுருள்வில் தராசு ஒன்றைக் கொண்டுவரச் சொன்னோம். ஒவ்வொரு புரியின் முனையையும் தராசின் கொக்கியில் மாட்டி, பாபின் சுழலும்படி மெதுவாக இழுத்துப் பார்த்தோம். முதல் புரிக்கு 2 கிலோ; இரண்டாவதற்கும் 2 கிலோ; மூன்றாவதற்கு 4 கிலோ. பின்னர், அன்று முடிந்த கயிற்றில் ஒரு மீட்டரை இரு முனையும் கட்டிய பின் வெட்டியெடுத்து, முறுக்கைப் பிரித்து அளந்தோம். இரண்டு புரிகள் 112 செ.மீ. நீளம் இருந்தன. ஒன்று மட்டும் 106 செ.மீ.

காரணம் தடைக்கயிற்றில் இருந்தது. பாபின் தன்போக்கில் சுழன்றுவிடாதிருக்க, அதன் பக்கத்திலுள்ள சிறு உருளையின் மேல் எடைக்கல் தொங்கும் கயிறு ஒன்று உராய்ந்துகொண்டிருக்கும். முதல் இரண்டு பாபின்களில் அக்கயிறு உருளையை அரைச் சுற்றுத் தழுவியிருந்தது. மூன்றாவதில், பழுது பார்த்தபோது கொக்கியை இடம் மாற்றி அடித்துவிட்டமையால், முக்கால் சுற்றுத் தழுவியிருந்தது. எடைக்கல் மூன்றிலும் ஒன்றே. ஆதலால் யாருக்கும் ஐயம் எழவில்லை. ஆனால் கால் சுற்றுக் கூடுதலே தடையை இருமடங்காக்கப் போதுமானது.

விறைத்த புரி ஏன் கெடுக்கிறது

மூன்று புரிகள் ஒரே விறைப்பில் சென்றால், ஒன்றையொன்று சமமாகத் தழுவிக்கொண்டு சுற்றும். ஒன்று அதிக விறைப்புடன் சென்றால், அது சுற்றாமல் நேராக ஓட முற்படும். மற்ற இரண்டும் அதன்மேல் தளர்வாகச் சுற்றிக்கொள்ளும். கையால் தடவினால் கயிறு மேடும் பள்ளமுமாகத் தோன்றும்.

அத்தகைய கயிற்றில் சுமையேற்றினால், குறுகிய புரியே முதலில் விறைத்துச் சுமையைத் தாங்கத் தொடங்கும். மற்ற இரண்டும் இன்னும் நீளவேண்டியிருப்பதால் வாளாவிருக்கும். ஒவ்வொரு புரியும் தனியே 100 கிலோ தாங்கும் எனக் கொள்வோம். மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 300 கிலோ தாங்கவேண்டும்; புரிகள் சாய்ந்து கிடப்பதால் அதில் சிறிது குறையும். ஆனால் ஒரே புரி முன்னதாகச் சுமையேற்றால், மொத்தச் சுமை 100 கிலோவைத் தாண்டிச் சிறிது ஏறும்போதே அது அறுந்துவிடலாம். அது அறுந்த கணத்தில் சுமை முழுவதும் மற்ற இரண்டின்மேல் வெட்டி இழுப்பதாக விழும். அவையும் தாங்கினால் நல்வாய்ப்பு.

தென்னைநார் நன்றாக நீளும் இயல்புடையது. ஆகவே சிறு வேற்றுமையைத் தன் நீட்சியால் ஓரளவு சரிசெய்துகொள்ளும். எஃகுக் கம்பி மிகச் சிறிதே நீளும். எனவே கம்பிவடம் செய்வோருக்கு இப்பாடம் இன்னும் கடுமையானது. ஜெர்மனியில் ஹார்ட்ஸ் மலைப்பகுதியைச் சேர்ந்த கிளவுஸ்தால் ஊரின் சுரங்கங்களில், முன்பு இரும்புச் சங்கிலியால் தாதுவை மேலேற்றினார்கள். ஒரு கண்ணி விட்டால் சங்கிலி முழுவதும் விழும். இதற்கு மாற்றாக 1834ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்னும் சுரங்க அதிகாரி கம்பிவடத்தைச் செய்து பயன்படுத்தினார். 3.5 மி.மீ. கனமுள்ள நான்கு கம்பிகள் ஒரு புரியாகவும், அத்தகைய மூன்று புரிகள் ஒரு வடமாகவும் கையாலேயே முறுக்கப்பட்டன. ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை தாங்கும் என்பதே அதன் சிறப்பு. கம்பிகள் சுமையைச் சமமாகப் பகிர்ந்துகொண்டிருந்தால்தான் அச்சிறப்பு நிலைக்கும்.

பாபின் காலியாகும்போது நேர்வது

சங்கத்து மேஸ்திரி கொக்கியைப் பழைய இடத்தில் அடித்தார். மூன்றும் 2 கிலோ காட்டின. காரியம் முடிந்தது என்று அவர் எண்ணினார். முடியவில்லை.

நிறைந்த பாபினில் சுற்றின் ஆரம் 12 செ.மீ. என்றும், வெற்றுக் கட்டையின் ஆரம் 4 செ.மீ. என்றும் கொள்வோம். தடைக்கயிற்றின் பிடி மாறுவதில்லை. ஆனால் அப்பிடியை எதிர்த்துப் பாபினைச் சுழற்றப் புரிக்குக் கிடைக்கும் நெம்புநீளம், சுற்று குறையக் குறையச் சுருங்குகிறது. கதவைக் கைப்பிடியருகே தள்ளுவது எளிது, கீலருகே தள்ளுவது அரிது என்பதை அறிவோம், இதுவும் அவ்வாறே. 12 செ.மீ. ஆரத்தில் 2 கிலோவாக இருந்த விறைப்பு, 6 செ.மீ. ஆரத்தில் 4 கிலோவாகும், 4 செ.மீ. ஆரத்தில் 6 கிலோவாகும். யாரும் தொடாமலே மூன்று மடங்கு ஏறிவிடுகிறது.

மூன்று பாபின்களும் ஒருசேரக் குறைந்தால் விறைப்பும் ஒருசேர ஏறும். கயிறு தொடக்கத்தில் மென்மையாகவும் முடிவில் இறுக்கமாகவும் அமையும். அது சிறு குற்றம். ஒரு பாபின் தீர்ந்ததும் அதை மட்டும் நிறைந்ததாக மாற்றி, மற்ற இரண்டையும் பாதியிலேயே ஓட்டுவது பெருங்குற்றம். அப்போது ஒரு புரி 2 கிலோவிலும் மற்றவை 4 கிலோவிலும் செல்லும். கொக்கி சரியாக இருந்தும் பழைய கேடே திரும்பும்.

செய்யவேண்டியவை

1. மூன்று பாபின்களையும் ஒரே அளவு நிறைத்து ஒரே வேளையில் ஏற்றுக. ஒன்று தீர்ந்தால் மூன்றையும் மாற்றுக. எஞ்சிய புரிகளைத் தனியே சேர்த்து மறுபடி சுற்றிக்கொள்ளலாம்.

2. எடைக்கல்லை ஒரே கல்லாக வைக்காமல் நான்கு சமத் துண்டுகளாக வைத்துக்கொள்க. பாபினின் பக்கத்தட்டில் 12, 9, 6 செ.மீ. ஆரங்களில் வண்ணக் கோடு இடுக. சுற்று 9 செ.மீ. கோட்டுக்கு இறங்கியதும் ஒரு துண்டை எடுத்துவிடுக, 6 செ.மீ. கோட்டில் மற்றொன்றை எடுத்துவிடுக. எடை ஆரத்துக்கு ஏற்பக் குறைந்தால் விறைப்பு பெரிதும் மாறாது.

3. ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் சுருள்வில் தராசால் மூன்றையும் அளந்து பலகையில் எழுதுக. பாபின் சுழன்றுகொண்டிருக்கும்போது காட்டும் எடையையே கொள்க. அசையத் தொடங்கும் கணத்தில் தராசு அதிகமாகக் காட்டும். அதைக் கணக்கில் கொள்ளற்க.

4. தடை உருளையில் நார்த்தூசியும் எண்ணெயும் படியவிடாதீர். தூசி பிடியைக் கூட்டலாம், எண்ணெய் குறைக்கும்.

5. புரிகளின் முறுக்கும் ஒத்திருத்தல் வேண்டும். அதிகம் முறுக்கிய புரி குறுகும். விறைப்பு சமமாக இருந்தும் நீளம் சமமாகாது. புரியை ஒரு திசையிலும் கயிற்றை எதிர்த்திசையிலும் முறுக்குவதால்தான் கயிறு பிரியாமல் நிற்கிறது. அவ்விரு முறுக்குகளின் சமநிலையும் இதனால் கெடும்.

6. வாரம் ஒருமுறை ஒரு மீட்டர் கயிற்றைப் பிரித்து மூன்று புரிகளையும் அளக்க. வேறுபாடு 1 செ.மீ.க்கு மேற்பட்டால் இயந்திரத்தை நிறுத்திக் காரணம் தேடுக.

இயந்திரமின்றித் திறந்தவெளியில் புரிகளை நீளவிட்டு முறுக்குவோர், தராசு இல்லாமலே சோதிக்கலாம். ஒரே கனமுள்ள மூன்று புரிகளை இரு முளைகளுக்கிடையே ஒரே உயரத்தில் கட்டுக. பக்கத்தில் நின்று நடுவிலுள்ள தொய்வைப் பார்க்க. மூன்றும் ஒரே கோட்டில் தொய்ந்தால் விறைப்பு சமம். ஒன்றின் தொய்வு மற்றதில் பாதியானால் அதன் விறைப்பு இருமடங்கு. இதை எளிய தந்திரம் என்று இகழவேண்டாம். நியூயார்க் நகரில் 1883ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புரூக்ளின் பாலத்தின் வடங்கள் நான்கு. ஒவ்வொன்றிலும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட எஃகுக் கம்பிகள் உள்ளன. அவை முறுக்கப்படாமல் இணையாகக் கிடப்பவை. முதலில் வழிகாட்டிக் கம்பி ஒன்றைக் கட்டி, அதன் தொய்வுக்கு ஒப்பாகவே ஏனைய கம்பிகளை அமைத்தார்கள். ஆற்றின்மேல் செய்ததையே தோப்பிலும் செய்யலாம்.

நெசவாளருக்கு

இரண்டு நூலைச் சேர்த்து முறுக்கும்போது ஒன்று விறைப்பாகவும் மற்றொன்று தளர்வாகவும் இருந்தால், தளர்ந்த நூல் விறைத்த நூலின்மேல் கொடிபோல் சுற்றிக்கொள்ளும். அந்நூல் சாயத்தில் ஒளிந்துகொள்ளும், தறியில் வெளிப்படும். பாவிலும் அவ்வாறே. ஓட்டும்போது சில பாபின்கள் நிறைந்தும் சில குறைந்தும் இருந்தால், இழைகள் வெவ்வேறு விறைப்பில் பாவாகும். தொய்ந்த இழை நாடாவின் வழியில் தொங்கி அறுபடும். விறைத்த இழை அச்சில் தேய்ந்து அறும். முடிச்சுப் போட்டே நெசவாளரின் நாள் கழியும். துணியும் சுருங்கிச் சுருங்கி நிற்கும். அப்போது குற்றம் நெய்தவர்மேல் விழும். பாவு ஓட்டிய இடத்தை யாரும் நோக்குவதில்லை.

முடிவுரை

அச்சங்கத்தின் நிர்வாகக் குழு அடுத்த கூட்டத்தில் பிடித்தங்களைத் திருப்பிக் கொடுக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. புரி அறுந்த கணக்கில் பெயர் எழுதுமுன் மூன்று பாபின்களின் விறைப்பையும் எழுதவேண்டும் என்று விதி திருத்தப்பட்டது. நமது பழைய குறிப்பின் கீழே, அது தவறானது என்று காரணத்துடன் எழுதி மீண்டும் கையொப்பமிட்டோம். அந்த மூத்த உறுப்பினர் தம் பணத்தைப் பெற்றுக்கொண்டபோது எண்ணிப் பார்த்தார், சரியாக இருந்தது.

ஒரு புரி அடிக்கடி அறுந்தால், அது நலிந்த புரி என்று முடிவு கட்டுமுன், மற்றவை தாங்கவேண்டிய சுமையையும் அதுவே தாங்குகிறதா என்று பார்த்தல் நமது கடமை.

படிப்பு வட்டத்துக்கு வினாக்கள்

1. எடைக்கல் மூன்றிலும் ஒன்றாயிருந்தும் மூன்றாவது பாபினில் விறைப்பு ஏன் கூடியது?

2. ஆரம் 10 செ.மீ. இருக்கும்போது விறைப்பு 3 கிலோ. எடையை மாற்றாவிடில் ஆரம் 5 செ.மீ. ஆகும்போது எவ்வளவு?

3. தீர்ந்த பாபினை மட்டும் மாற்றுவதால் மிச்சமாகும் நேரம் எவ்வளவு, கெடும் கயிறு எவ்வளவு என்று உங்கள் சங்கத்தில் கணக்கிட்டுப் பாருங்கள்.

4. உங்கள் சங்கத்தில் கூலிப் பிடித்தம் எந்தச் சோதனைக்குப் பின் செய்யப்படுகிறது?