பழக்கம் வேரூன்றும் வகை

கனமூலையில் ஆசிரியப் பணி ஏற்ற முதலாண்டில் என் வகுப்பில் மாணவனொருவன் இருந்தான். பாடம் நடக்கையில் குயில் போலக் கூவுவான். நான் உடனே பாடத்தை நிறுத்தி அவனைக் கடிந்துகொள்வேன். வகுப்பு முழுவதும் அவனைத் திரும்பிப் பார்த்து நகைக்கும். கடியக் கடியக் குறும்பு வளர்ந்ததேயன்றிக் குறையவில்லை. பயிற்சிக் காலத்தில் எழுதிவைத்த உளநூற் குறிப்புக்களை மீண்டும் புரட்டியபோதே, பிழை என்பாலும் உண்டெனத் தெளிந்தேன். நம் கல்லூரிப் பழைய மாணவருட் பலர் ஆசிரியர், பலர் பெற்றோர். ஆதலின் அத்தெளிவை இவ்விழா மலரிற் கூற விழைகின்றேன்.

அமெரிக்க அறிஞர் தோண்டைக் 1898ஆம் ஆண்டில் தம் பூனை ஆராய்ச்சியை வெளியிட்டார். பசித்த பூனையைக் கூண்டில் அடைத்து, உணவை வெளியே வைத்தார். பூனை பிறாண்டும், கடிக்கும், தற்செயலாக உள்ளிருக்கும் கயிற்றை இழுக்கவே கதவு திறக்கும். பன்முறை அடைத்தபின் வீண்செயல்கள் ஒழிந்தன. வெளிவரும் நேரமும் சுருங்கிற்று. நற்பயன் தரும் செயலே நிலைபெறும் என்னும் இதனை அவர் விளைவு விதி என்றார்.

இவ்வழியை விரித்தவர் ஸ்கின்னர் (1904–1990). பெட்டியுள் எலி நெம்புகோலை அழுத்தின் உணவுருண்டை விழும். எலி மேன்மேலும் அழுத்தும். 1938இல் வெளிவந்த அவர்தம் நூல் இதனை விளக்கிற்று. இதுவே தொழிற்படு நிபந்தனைப்படுத்தல் எனப்படும். செயலின்பின் வரும் விளைவு அச்செயலை மிகுவிக்குமாயின் அது மீளவலியுறுத்தலாம். விரும்பியது வந்து சேர்தல் நேர்வகை. வெறுத்தது நீங்குதல் எதிர்வகை. பாராட்டுப் பெற்ற சிறுவன் மீண்டும் படிப்பது முன்னதற்கும், வெயிலின் வருத்தம் நீங்கக் குடை விரிப்பது பின்னதற்கும் எடுத்துக்காட்டு. எதிர்வகையைத் தண்டனை என மயங்குதல் கூடாது. தண்டனை செயலைக் குறைப்பது, இதுவோ மிகுவிப்பது.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. ஒரு விளைவு பரிசா தண்டனையா என்பதைக் கொடுப்பவன் எண்ணம் முடிவு செய்யாது. பெறுபவனின் பிற்செயலே முடிவு செய்யும். நான் தண்டனையென எண்ணிய கடிதல், வகுப்பின் கண்களையெல்லாம் அவன்பால் திருப்பியதால், அவனுக்குப் பரிசாயிற்று.

அப்பரிசு எப்போதோ ஒருமுறை கிட்டினும் பழக்கம் வலுப்பெறும். யானையின் இயல்பைப் புத்தளம் மாவட்டத்தார்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. புத்தல – கதிர்காமம் வீதியில் வாகனங்களை வழிமறித்து உணவு தேடும் காட்டியானைகளைப் பலரும் கண்டிருப்பர். எல்லா வாகனமும் பழம் கொடுப்பதில்லை, சில கொடுக்கின்றன. எது கொடுக்கும் என்றறியாத யானை எதனையும் மறிக்கின்றது. இரக்கத்தால் நீட்டிய ஒரு பழம் அடுத்து வருவோரின் உயிருக்கே கேடாகலாம்.

இவற்றை உணர்ந்தபின் கூவலைப் பொருட்படுத்தாது பாடத்தைத் தொடர்ந்தேன். முதல் மூன்று நாள் அவன் முன்னினும் உரக்கக் கூவினான். பரிசு நின்றவுடன் செயல் சிலவேளை சிறிது பெருகிப் பின்னர்த் தணிவதுண்டு என்பது நூற்றுணிபு. அப்போது பொறுமையிழந்து கடிந்திருப்பின், உரக்கக் கூவினாற் பயனுண்டு என்று கற்பித்தவனாவேன். வாளாவிருத்தலோடு அமையாது, அக்குரலுக்கு நல்வேலையும் தந்தேன்; செய்யுளை வகுப்பின்முன் நின்று படிக்கச் செய்தேன். அவன் நாடிய கண்கள் அவன்பால் திரும்பின. கூவல் படிப்படியாக நின்றது.

பாடசாலைகளில் உடற்றண்டனை கூடாதெனக் கல்வி அமைச்சு 2005இல் சுற்றறிக்கை விடுத்தது. பிரம்பு செயலைச் சிறிது நேரம் அடக்கும். செய்யத்தக்கது யாதெனக் கற்பிக்காது. பிரம்பை வைத்துவிட்டால் மட்டும் போதாது. அதன் இடத்தில் எதனை வைப்பது என்றும் அறிதல் வேண்டும். பிள்ளையின் செயல் நமக்குப் பிடிக்காதபோது, அச்செயலால் அவன் பெறுவது யாது, அதனைக் கொடுப்பவர் யாவர் என்று முதலில் வினவுவோமாக. விடை சிலவேளை நம்மையே சுட்டும்.