பழைய பொம்மைக்குப் புது வண்ணம்: தீட்டும் முன் ஒரு கேள்வி

நவராத்திரி நெருங்கும் நாட்களில் சின்ன காஞ்சிபுரத்தின் பொம்மைக்காரத் தெருவுக்குப் போனால், காகிதக் கூழ் பொம்மைகள் வரிசையாகக் காய்வதைப் பார்க்கலாம். பல வீடுகளில் பரணிலிருந்து பழைய பொம்மைகளும் இறங்கும். மங்கிய பொம்மையைப் புதுப்பிப்பது நம் ஊருக்குப் பழகிய வேலை. இதையே ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கைவினைச் செயல்பாடாக வைக்கலாம். கொலு வைக்காத வீட்டுப் பிள்ளைகள் உண்டியல், பூந்தொட்டி, மரப்பொம்மை எதையும் கொண்டு வரலாம்.

சென்ற ஆண்டு என் ஏழாம் வகுப்பில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு மாணவி கொண்டு வந்த பொம்மையை ஈரத்துணியால் துடைக்கச் சொன்னேன். முகத்தின் வண்ணம் துணியோடு வந்துவிட்டது. "பரவால்ல மிஸ், புதுசா பூசிடலாம்" என்றான் பக்கத்தில் இருந்தவன். அவள் மட்டும் பேசவில்லை. அது அவள் பாட்டி சிறுவயதில் தீட்டிய முகம். அதன்பிறகு இந்தச் செயல்பாட்டை ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன்: "இதற்குப் புது வண்ணம் வேண்டுமா?"

முதல் பாடவேளை: மூன்றாகப் பிரித்தல்

கொண்டு வந்த பொருள்களை மாணவர்களே மூன்று வகையாகப் பிரிக்கட்டும்.

1. தீட்டலாம்: வண்ணம் மங்கியிருக்கிறது, ஆனால் உரியவில்லை. வீட்டாரும் சம்மதித்திருக்கிறார்கள்.

2. தொடக் கூடாது: வண்ணம் செதில் செதிலாக உரிகிறது. பழைய பெயின்டில், குறிப்பாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில், ஈயம் இருந்திருக்கலாம். சுரண்டினாலும் உப்புத்தாள் போட்டாலும் அந்தத் தூசி மூச்சில் போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். வீட்டு, அலங்காரப் பெயின்ட்களில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே வயது தெரியாத பொருளைத் தாளில் சுற்றித் திருப்பி அனுப்புங்கள்.

3. தீட்ட வேண்டாம்: பழைய வண்ணமே அதன் மதிப்பு. இதை விளக்கக் கைலாசநாதர் கோயில் போதும். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மப் பல்லவன் கட்டிய அக்கோயிலின் சிற்றாலயங்களில் ஓவியத் துண்டுகள் எஞ்சியுள்ளன. பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ராய் 1931இல் அவற்றை வெளிக்கொணர்ந்தார். விடுபட்ட இடங்களில் இன்று நாம் புது வண்ணம் தீட்டினால் பல்லவ ஓவியனின் கோடு எது, நம் கோடு எது என்று யாருக்கும் தெரியாது. வாய்ப்பிருந்தால் மாணவர்களை அழைத்துச் சென்று காட்டுங்கள்.

இரண்டாம் பாடவேளை: தீட்டுதல்

தேவையானவை: தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம், மென்தூரிகைகள், பழைய செய்தித்தாள், மைதாப் பசை.

• தூசியை உலர்ந்த தூரிகையால் மட்டும் தட்டுங்கள். கையில் எடுத்தால் லேசாக இருப்பது காகிதக் கூழ். அதில் தண்ணீர் படக் கூடாது.
• வெடிப்பு இருந்தால் ஊறவைத்து அரைத்த காகிதத்தைப் பசையோடு பிசைந்து அடைத்து, ஒரு நாள் நிழலில் காய விடுங்கள்.
• அடைத்த இடத்தில் வெள்ளை பூசி, காய்ந்த பிறகு வண்ணத்துக்குப் போங்கள். முதலில் உடல், பிறகு உடை, அதன்பின் நகை. கண்ணைக் கடைசியில் வரையுங்கள். அதற்குள் கை பழகியிருக்கும்.

உடைக்கு நிறம் தேர்வதை மாணவர்களிடமே விடுங்கள். அரக்கு, மயில்கழுத்து, எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் எம்.எஸ். நீலம் என்று நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் சொல்லும் நிறப்பெயர்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். உடலும் கரையும் வேறு நிறமாக நெய்யும் கோர்வைச் சேலையைப் பற்றி அவர்களே வகுப்புக்கு விளக்கட்டும். அன்று அவர்கள்தாம் ஆசிரியர்கள்.

பாடத் தொடர்பு

அறிவியலில் ஈயத்தின் தீங்கு, சமூக அறிவியலில் பல்லவர் கலை, தமிழில் "என் பொம்மையின் கதை" என்ற பத்து வரிக் கட்டுரை. கட்டுரைக்காக வீட்டுப் பெரியவர்களிடம் கேட்க வேண்டியவை: இது எப்போது வந்தது? யார் வாங்கினார்கள்? இதற்கு முன் யார் வண்ணம் தீட்டினார்கள்?

மதிப்பீடு

வண்ணத்தின் அழகுக்கு மட்டும் மதிப்பெண் தர வேண்டாம். மூன்று வகைகளில் ஒன்றைத் தேர்ந்ததற்கு மாணவர் கூறும் காரணத்துக்குப் பாதி மதிப்பெண் கொடுங்கள். தீட்டாமல் திருப்பி எடுத்துச் சென்ற பிள்ளையும் முழு மதிப்பெண் பெறலாம்.

என் மாணவி இந்த ஆண்டு இன்னொரு பொம்மை கொண்டு வந்தாள். அதைத் தீட்டவில்லை. தூசி தட்டி, கதையை எழுதி, அடியில் பாட்டியின் பெயரை ஒட்டி வீட்டுக்கு எடுத்துச் சென்றாள்.